மரபியல் உயிர்ப்பாகுபாடும் கூர்தற் கொள்கையும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியலின்கண், உயிர்களை ஓரறிவுடையன முதல் ஆறறிவுடையன ஈறாகப் பகுத்துரைக்கும் நூற்பாக்கள் சில அமைந்துள்ளன. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட உயிரினத் தோற்றக் கொள்கையை இந்நூற்பாக்கள் பன்னூறாண்டு முன்னரே உணர்த்திவிட்டன என்னும் கூற்று, மேடைப் பேச்சிலும் பாடவிளக்கத்திலும் ஆய்வேட்டிலும் இன்று ஒருங்கே வழங்கி வருகின்றது. மாணவர் அதனை ஐயமின்றி எழுதுகின்றனர். திருத்துவோரும் ஐயமின்றி மதிப்பெண் வழங்குகின்றனர். இக்கூற்று நூலின் சொற்கிடையோடும் உயிரியலார் கூறும் கொள்கையோடும் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருந்தாது என்பது என் துணிபு. இதனைச் சொல்லின் தொல்காப்பியத்தின் பெருமை குன்றும் என அஞ்சுவாரும் உளர். நூலாசிரியர் கூறாத ஒன்றை அவர் கூறினார் எனக் கொண்டு போற்றுங்கால், அவர் கூறியது யாது என்று பார்ப்பார் இலராகின்றனர். அவ்விழப்பே பெரிது.

முதற்கண் நூற்பாக்கள் கூறுவனவற்றைத் தொகுத்துக் காண்போம். உற்றறிவது ஓரறிவு, அதனொடு நாவறிவு கூடின் இரண்டு, மூக்கறிவு கூடின் மூன்று, கண்ணறிவு கூடின் நான்கு, செவியறிவு கூடின் ஐந்து, மனவறிவு கூடின் ஆறு. புல்லும் மரமும் ஓரறிவின, நந்தும் முரளும் ஈரறிவின, சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நான்கறிவின, மாவும் மாக்களும் ஐயறிவின, மக்கள் ஆறறிவினர். முதல் ஐந்து வகையிலும் எடுத்துக்காட்டு இரண்டிரண்டாகத் தந்து, அக்கிளையிற் பிறந்தன பிறவும் உள எனப் புறனடையும் கூறிச் செல்கின்றார் ஆசிரியர். இவற்றுள் ஓரிடத்தேனும் ஈரறிவுயிர் ஓரறிவுயிரினின்று தோன்றியது என்றோ, ஒன்று மற்றொன்றாகத் திரிந்தது என்றோ சொல்லப்படவில்லை. தோற்றத்தைக் குறிக்கும் வினை அங்கே இல்லை. நுண்ணிதின் உணர்ந்தோர் இவற்றை 'நெறிப்படுத்தினர்' என்பதே ஆசிரியர் ஆண்ட வினை. நெறிப்படுத்தல் அறிவோன் செயல்; உயிர்களின் செயலன்று. முன்னரே உள்ள பொருள்களை ஒரு நிரலில் வைத்தனர் என்பதற்கு மேல் அச்சொல்லினின்று வேறு பொருள் பெறுதல் இயலாது.

'கிளை' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, மரத்தினின்று கிளை பிரிதல் போல உயிரினங்கள் பிரிந்தமையைத் தொல்காப்பியர் சுட்டினார் என வாதிடுவர் ஒரு சாரார். கிளை என்பது சுற்றம், இனம் என்னும் பொருளில் பண்டை நூல்களிற் பெருவழக்கிற்று. கிளைஞர், கேளிர் என்பன நோக்குக. நந்தும் முரளும் போல்வன வேறும் உள என இனம் பற்றி அடக்கும் புறனடைச் சொல்லே அது. உரையாசிரியரும் நந்து என்றதனுள் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரள் என்றதனுள் இப்பி, கிளிஞ்சல் முதலியவற்றையும் அடக்கிக் காட்டினரேயன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்ததாகக் கூறினாரல்லர்.

இவற்றினும் வலிய சான்று ஐயறிவு பற்றிய நூற்பாவில் உள்ளது. ஆங்கு விலங்கோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டவர் 'மாக்கள்'. ஆறறிவிற்கு உரியவர் 'மக்கள்'. மாக்களும் உடம்பால் மனிதரே. மனவுணர்வின் குறைபற்றி விலங்கொடு சார்த்தப்பட்டனர். ஒரே இனத்தாரை இரு வகுப்பிற் பிரித்து வைக்கும் பாகுபாடு உடல்வழிப் பிறப்பை அடிப்படையாகக் கொண்டதாதல் எங்ஙனம்? ஆறறிவுடைய விலங்கும் ஒருசார் உள என்னும் நூற்பா ஒரு பாடத்திற் காணப்படுகின்றது. அதனையும் கொள்ளின், மனிதருள் ஒரு பகுதியினர் கீழிறங்க, விலங்குள் ஒரு பகுதி மேலேறுகின்றது. ஆசிரியர் பகுத்தது உயிர்களின் அறியும் ஆற்றலை. அவற்றின் வழிமுறையை அன்று. இது நூலின் உள்ளேயே கிடைக்கும் விடை. இதற்கு உயிரியல் நூல் எதனையும் புரட்ட வேண்டுவதில்லை.

அறியும் ஆற்றல் பற்றி உயிர்களை நிரல்படுத்தும் முயற்சி தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதுமன்று. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், ஊட்டம் பெறும் ஆற்றல் மட்டும் உடையன செடிகள் என்றும், ஊற்றுணர்வு எல்லா விலங்கிற்கும் பொது என்றும், எண்ணும் ஆற்றல் மனிதர்க்கே உரியது என்றும் வகுத்தார். செடிக்கு ஊற்றறிவு உண்டு என்ற வகையில் தொல்காப்பியர் அவரின் வேறுபடுகின்றார். தொட்டாற்சுருங்கியைக் கண்டோர் தொல்காப்பியர் பக்கமே நிற்பர். ஆயினும் அரிஸ்டாட்டிலின் ஏணியை எவரும் கூர்தற் கொள்கை எனக் கூறுவதில்லை. உயிரினங்கள் என்றும் உள்ளன, மாறாதன என்பது அவர் கொள்கை. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735-இல் வெளியிட்டு, 1758-இல் பத்தாம் பதிப்பாக விரித்த பாகுபாட்டு நூலிலேதான் விலங்கினப் பெயரீட்டு முறை இன்றும் தொடங்குகின்றது. மனிதனைக் குரங்கினத்தோடு ஒரே வரிசையில் வைத்தவர் அவர். அவர்தாமும் படைப்புக்கொள்கையினரே. பாகுபாடு வேறு, வழிமுறைக் கொள்கை வேறு என்பதற்கு இவ்விருவருமே போதிய சான்றாவர்.

சமண நூல்களின் செய்தி இன்னும் நெருங்கியது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஊறு, சுவை, நாற்றம், ஒளி, ஓசை என்னும் அதே வரிசையில் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என எடுத்துக்காட்டுகின்றது. எறும்பு மூவறிவினும் வண்டு நான்கறிவினும் நிற்றல் இரண்டிடத்தும் ஒத்தல் கருதத்தக்கது. தொல்காப்பியர் சமணர் என வையாபுரிப் பிள்ளை முதலியோர் கொண்டதற்கு இப்பாகுபாடும் ஒரு சான்றாயிற்று. எனினும் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவுயிராகச் சமணர் எண்ணுவர். மரபியல் புல்லையும் மரத்தையுமே எண்ணுகின்றது. யார் யாரிடம் பெற்றனர் என்னும் வழக்கு ஈண்டைக்கு வேண்டா. வினைவயத்தால் உயிர் ஒரு வகுப்பினின்று மற்றொரு வகுப்பிற்கு ஏறலும் இறங்கலும் கூடும் என்பது சமணர் கொள்கை. ஏறியிறங்குவது உயிர், உடம்பு வழிவழியாகத் திரிந்து வருதல் அங்கும் பேசப்படவில்லை. 'புல்லாகிப் புழுவாகி' என்னும் போக்கிற் பிறவி வரிசை பாடும் பிற்காலப் பத்திப் பாடல்களையும் டார்வினுக்குச் சான்று காட்டுவார், இவ்வேறுபாட்டை எண்ணிப்பார்த்தல் நலம்.

இனி டார்வின் கூறியதுதான் யாது? ஓரினத்தைச் சேர்ந்த உயிர்கள் தம்முள் ஒத்தன அல்ல. சிறுசிறு வேறுபாடுகள் உடையன. அவ்வேறுபாடுகளுட் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவன. பிறப்பன பல, எஞ்சி வாழ்ந்து ஈனுவன சில. வாழும் சூழலுக்கு ஏற்ற வேறுபாடுடையன மிகுதியாக எஞ்சுதலின், தலைமுறை பல கழிய இனத்தின் இயல்பே மாறுகின்றது. இதனை அவரும் ஆல்ஃபிரட் வாலஸும் தனித்தனியே கண்டனர். இருவர் கட்டுரையும் 1858 சூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்திற் படிக்கப்பட்டன. டார்வின் தம் நூலுள் சேர்த்த படம் ஒன்றே ஒன்று. அது கிளைத்துச் செல்லும் கோடுகளால் ஆயது. அதில் ஏணி இல்லை. உயர்ந்தது தாழ்ந்தது என்னும் சொற்களை ஆளலாகாது என அவர் தமக்கெனக் குறித்து வைத்த செய்தியும் உண்டு. அதனை அவரே எப்போதும் கடைப்பிடிக்கவில்லை என்பது வேறு.

தமிழ் பயில்வார்க்கு இக்கிளைப்படம் புதிதன்று. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற்குப் பின், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு மூலமொழியின் வழிவந்த உடன்பிறப்புகள் என நாம் பயின்று வருகின்றோம். இன்றைய தெலுங்கு இன்றைய தமிழினின்று பிறந்தது என எவரும் கூறார். அதுபோலவே இன்றுள்ள குரங்கினின்று மனிதன் பிறந்தான் என எந்த உயிரியலாரும் கூறவில்லை. மனிதர்க்கும் சிம்பன்சிக்கும் பொதுமுன்னோர் ஏறத்தாழ 60 முதல் 70 இலக்கம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தனர். அம்முன்னோர் இவ்விரண்டும் அல்லர். மொழிக்குடும்பத்தை மரமாக வரைந்த செருமானிய அறிஞர் ஷ்லைக்கர், டார்வின் கொள்கையும் மொழியியலும் பற்றி 1863-இலேயே ஒரு நூல் எழுதினார்.

ஏட்டுச்சுவடி ஆய்வோர்க்கு இதனினும் நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. இரு சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவை ஒரு மூல ஏட்டைப் பெயர்த்தெழுதியன எனக் கொள்கின்றோம். சரியான பாடம் ஒத்திருத்தல் அத்துணை வலிய சான்றன்று. மரபணுவிலும் அஃதே முறை. பாலூட்டிகளுட் பெரும்பாலன உயிர்ச்சத்து 'சி'-யைத் தம் ஈரலில் தாமே ஆக்கிக்கொள்கின்றன. மனிதர்க்கு அவ்வாற்றல் இல்லை. அதனாலன்றோ கனியும் காயும் இன்றிக் கடலிற் சென்ற மாலுமிகள் ஈறு வீங்கி இறந்தனர். அதனை ஆக்கும் இறுதி நொதிக்குரிய மரபணு நம்மிடம் அழியவில்லை. சிதைந்த நிலையிற் கிடக்கின்றது. குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அதே மரபணு அவ்வாறே சிதைந்து கிடக்கின்றது. கினிப்பன்றிக்கும் அவ்வாற்றல் இல்லை. ஆனால் அங்குச் சிதைவு வேறு வகையானது. ஒரே பிழை ஒரே மூலத்தைக் காட்டுகின்றது. வேறு பிழை தனியே நேர்ந்த இழப்பைக் காட்டுகின்றது. பாடவேறுபாட்டு ஆராய்ச்சியிற் பழகிய ஒருவர்க்கு இதனை விளக்க ஐந்து நிமிடம் போதும். நம் துறை மாணவர் கூர்தற் கொள்கையை உணரத் தக்க வாயில் இது; ஆறறிவு நூற்பாவை வாயிலாக்கினால் ஏணியையே உணர்வர்.

ஏணி எங்கே வழுவுகின்றது எனக் காண, நூற்பாவின் எடுத்துக்காட்டுகளையே எடுத்துக்கொள்வோம். சிதலாகிய கறையானும் எறும்பும் ஓரிடத்து நிற்கின்றன. வழிமுறையால் நோக்கின் கறையான் கரப்பானின் உறவு. எறும்போ குளவிக்கும் தேனீக்கும் உறவு. தும்பி என்பதனை வண்டினமாகக் கொள்ளின், எறும்பின் நெருங்கிய சுற்றம் அடுத்த படிக்குச் சென்றுவிட, தொலைவான கறையான் அதனோடு உடன் இருக்கின்றது. நத்தையும் சிப்பியும் நிற்கும் மெல்லுடலிக் குடும்பத்திலேயே நம் கண்ணையொத்த கண்ணும் வியத்தகு கற்றலாற்றலும் உடைய சாக்குக் கணவாய் என்னும் எண்காலியும் உள்ளது. அதன் கண் நம் கண்ணினின்று வந்ததன்று, தனியே தோன்றியது. நம் விழித்திரையில் நரம்பு வெளியேறும் இடத்துள்ள குருட்டுப்புள்ளி அதற்கு இல்லை. மேலும் கூர்தலில் அறிவு கூடிக்கொண்டே செல்லும் என்பதும் இல்லை. இருட்குகை நீரில் வாழும் மீனினங்கள் சில, கண்ணுடைய முன்னோர் வழிவந்து கண்ணை இழந்தன. டார்வின் எட்டாண்டுக்காலம் ஆராய்ந்த, பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் சிற்றோட்டுயிர்கள், இளம்பருவத்திற் கண்ணோடு நீந்தித் திரிந்து, வளர்ந்தபின் தலைகீழாய் ஒட்டிக்கொள்வன. ஏணியில் இறங்குவதற்கு இடமில்லை. கிளைமரத்தில் ஏற்றமும் இறக்கமும் என்பதே இல்லை.

உடலியல் நோக்கிற் பார்ப்பினும் பகுப்பு அவ்வாறே நில்லாது. நத்தைக்கு மோப்பம் உண்டு. நிலநத்தையின் நீண்ட உணர்கொம்பின் நுனியிற் கண்ணும் உண்டு. எறும்பினங்களுட் பெரும்பாலனவற்றிற்குக் கண் உண்டு. தேனீ தன் உணர்கொம்பின் அடியில் உள்ள உறுப்பால் அருகில் எழும் ஓசையை உணர்கின்றது. புலன் ஐந்தென்னும் எண்ணும் தளர்ந்துவிட்டது: சுறாவுக்கு மின்புலன் உண்டு; விரியன் இனத்துட் சிலவற்றிற்கு வெப்பக்கதிரை உணரும் குழி உண்டு; நம் உட்செவியில் ஓசைக்குரிய உறுப்பின் அருகே உடற்சமநிலைக்குரிய உறுப்பும் உண்டு. ஊறு என ஒன்றாகச் சொல்லப்படுவதும் வெப்பம், தட்பம், அழுத்தம், நோவு எனப் பல வாயில்களை உடையது. அவ்வாயில்களைக் கண்டறிந்தமைக்கே டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபௌடியன் இருவர்க்கும் 2021-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவற்றைக் கூறுவது தொல்காப்பியரைக் குறைகூறும் பொருட்டன்று. அவர் கையில் நுண்ணோக்கி இல்லை. பழைய உரையுள் ஓர் இடம் இவ்வகையிற் சுவையானது. நண்டு நான்கறிவுடையதாயின் அதற்கு மூக்கு உண்டோ என உரையாசிரியர் தாமே வினவி, ஆசிரியர் கூறினமையால் உண்டு எனக் கொள்ளப்பட்டது என விடையிறுக்கின்றார். நண்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து மூக்கைக் காணாத ஒருவரின் நேர்மையான ஐயம் அது. ஆயினும் நூலே முடிவு செய்துவிட்டது. நண்டின் சிறிய உணர்கொம்புகளில் மயிர் போன்ற மோப்ப உறுப்புகள் உள்ளமையைப் பிற்கால விலங்கியலார் கண்டனர். விடை சரியாயிற்று; விடை கண்ட வழி சரியன்று. நாம் இன்று டார்வினைத் தொல்காப்பியத்துள் தேடுவதும் அவ்வுரையாசிரியர் வழியேயாம். அவர்க்கிருந்த ஐயம்கூட நமக்கு இல்லை.

இம்மயக்கத்திற்குக் கலைச்சொற்களும் ஒரு காரணம். 'பரிணாமம்' சாங்கியர் சொல். பாலினுள் முன்னரே அடங்கியிருந்த தயிர் வெளிப்படுதலே அவர் கூறும் பரிணாமம். காரியம் காரணத்துள் உள்ளது என்பது அவர் கோட்பாடு. முன்னறியப்படாத வேறுபாடு தோன்றித் தெரிந்தெடுக்கப்படுதல் இதனின் முற்றும் வேறு. ஈழத்துப் பாடநூல்கள் ஆளும் 'கூர்ப்பு' நல்ல தமிழ்ச்சொல்; எனினும் உரியியல் அதனைக் கழிவு என்பதனோடு சேர்த்து, உள்ளதொன்று மிகுதல் என்னும் பொருட்டாக்குகின்றது. இங்கும் உள்ளது முன்னரே உள்ளது. 'படிமலர்ச்சி'யிலோ ஏணிப்படியே வெளிப்பட நிற்கின்றது. ஆங்கிலேயர் வழங்கும் சொல்லும் குற்றமற்றதன்று. சுருட்டியதை விரித்தல் என்பதே அதன் இலத்தீன் மூலப்பொருள். டார்வின் தம் நூலின் முதற்பதிப்பில் அப்பெயர்ச்சொல்லை ஆளாது, மாற்றத்தோடு கூடிய வழிவருகை என்னும் தொடரையே ஆண்டார். 'திரிபு' என்னும் இலக்கணச்சொல் நம்மிடம் உள்ளது. உயர்வு தாழ்வு சுட்டாதது. இயல்பினின்று வேறாதலை மட்டும் குறிப்பது. 'திரிபுவழி' என்றோ 'கால்வழித் திரிபு' என்றோ ஆளின் டார்வின் கருத்திற்கு அணித்தாகும். வேரூன்றிய சொற்களைப் பெயர்த்தெறிதல் எளிதன்று என்பதை அறிவேன். கற்பிக்குங்கால் அவற்றின் பழம்பொருளைச் சுட்டிச் செல்லலாம்.

'மரபியல்' என்னும் பெயரோ இரு துறைக்கும் பொதுவாகி நிற்கின்றது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866-இல் அச்சிட்டதும், 1900-இல் மீண்டும் கண்டறியப்பட்டதுமாகிய பெற்றோர்வழி விதிகளை ஆராயும் துறைக்கும் இன்று அதுவே பெயர். தொல்காப்பியத்து மரபு சொல்வழக்கு. இதன் இளமைக்கு இது பெயர், இதன் ஆணுக்கு இது பெயர் எனச் சான்றோர் வழிவழி வழங்கியது. அம்மரபு நிலைதிரிந்தால் பொருள் வேறுபட்டுவிடும் என அவ்வியல் எச்சரிக்கின்றது. மரபணு திரிந்தால் இனம் வேறாகும் என அதற்குப் பொருள் சொல்லும் துணிவும் ஒருநாள் வருமோ என அஞ்சுகின்றேன்.

மரபியலுள் உண்மையான உயிரியல் நோக்கு இல்லையா எனின், உண்டு. அது பலரும் விரைந்து கடந்து செல்லும் இடத்தில் உள்ளது. புறத்தே காழ்ப்புடையன புல் எனவும், அகத்தே காழ்ப்புடையன மரம் எனவும் வகுத்து, ஓலை, மடல், பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புப் பெயர்களை ஒன்றற்கும், இலை, தளிர், அரும்பு முதலியவற்றை மற்றொன்றற்கும் பெரும்பான்மையும் உரியவாகக் கூறுகின்றார் ஆசிரியர். இவ்வகையாற் பனையும் தெங்கும் மூங்கிலும் உயரத்தால் மரமாகத் தோன்றினும் புல்லினத்தில் வைக்கப்படுகின்றன. ஒருவித்திலைச் செடிகளின் தண்டில் குழாய்க்கற்றைகள் சிதறிக் கிடந்து, பனை முதலியவற்றில் ஓரத்தே செறிகின்றன. ஆண்டுதோறும் பருத்து நடுவே வைரமேறச் செய்யும் வளர்படலம் அவற்றிற்கு இல்லை. இருவித்திலை மரங்களிலோ அப்படலம் உண்டு. பழைய கட்டை உள்ளே இறுகி வைரமாகின்றது. தொல்காப்பியர் வித்திலையை எண்ணவில்லை. அடிமரத்தை வெட்டியவர் கண்டதைக் கண்டார். ஆயினும் அவர் வரைந்த கோடு பெரும்பாலும் தாவரநூலார் வரைந்த கோட்டின் மேலேயே செல்கின்றது. பனையின் புறவயிரத்தைக் கைமரமாக அறுத்து நடுச்சோற்றைத் தள்ளும் தச்சர்க்கு இது நூலறிவு அன்று, கையறிவு.

இப்பகுதியை முறையாக ஆராய்தல் வேண்டும். உறுப்புப் பெயர்களுள் இரண்டற்கும் பொதுவாவன யாவை, சங்கச் செய்யுளின் ஆட்சி அவ்வரையறையை எத்துணைப் பின்பற்றுகின்றது, வாழைக்கும் கோரைக்கும் உழவரும் தச்சரும் இன்று வழங்கும் பெயர்கள் எப்பக்கம் சாய்கின்றன என்பவற்றைக் களத்திற் சென்று தொகுத்து, தாவரவியல் துறையினரோடு அமர்ந்து ஒப்புநோக்கின், ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய செய்தி கிடைக்கும். இளமைப் பெயர், ஆண்பெயர், பெண்பெயர் பற்றிய நூற்பாக்களுக்கும் இதே முறை பொருந்தும். களிறும் பிடியும், கடுவனும் மந்தியும் எழுத்தில் நின்றுவிட, மேய்ப்போர் நாவில் எஞ்சியுள்ள பெயர்கள் குறைந்து வருகின்றன.